கல்யாண வீட்டுப் பாட்டு: எது வழக்கம், எது மீறல்?

கெடிலக்கரை தாய்மாமன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவின் மகளுக்கு வரும் தை மாதத்தில் திருமணம். முகூர்த்தம் திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில். முதல்நாள் மாலை வரவேற்பும் மறுநாள் காலைச் சிற்றுண்டியும் கடலூரில் ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளை வீட்டார் புதுச்சேரி முத்தியால்பேட்டையைச் சேர்ந்தவர்கள். பத்திரிகை அடித்தாயிற்று, சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, தாம்பூலப் பையின் நிறத்தைப் பற்றிய சண்டைகூட ஒருவழியாக ஓய்ந்துவிட்டது. ஆனால் வரவேற்பு மேடைக்குப் பெண் வரும்போது எந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்பதில் மட்டும் எங்கள் வீடு மூன்று வாரமாக இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது.

பெண்ணின் ஆசை பெரிதல்ல. மண்டப வாசலிலிருந்து மேடைவரை, தோழிகள் ஆறு பேருடன், அண்மையில் வந்த ஒரு திரைப்படப் பாட்டுக்கு ஆடிக்கொண்டே வர வேண்டும் என்கிறாள். மொட்டைமாடியில் ஒத்திகைகூட நடந்துகொண்டிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்கும் மறுப்பில்லை. "எங்கள் பக்கம் இப்போது என்ட்ரி இல்லாத வரவேற்பே கிடையாது" என்று சொல்லிவிட்டார்கள். மறுப்பவர் ஒருவர்தான், அவர் என் தாயார், பெண்ணுக்கு ஆயா. சினிமாப் பாட்டுக்கு ஆடிக்கொண்டு சபைக்கு வருவது நம் வழக்கமில்லை என்பது அவருடைய கட்சி. சரி, எதுதான் வழக்கம், பெண் வரும்போது என்ன பாட்டு போடலாம் என்று கேட்டேன். ஒரு கணமும் தயங்காமல், "வாராயென் தோழி" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுவும் சினிமாப் பாட்டுதானே? 1961-இல் வந்த பாசமலர் படத்துக்காகக் கண்ணதாசன் எழுதி, விசுவநாதன் - ராமமூர்த்தி இசையில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடியது. ஆயாவின் திருமணம் 1966-இல் நெல்லிக்குப்பத்தில் நடந்தது. அதாவது, அவர் திருமணத்தின்போது அந்தப் பாட்டுக்கு வயது ஐந்துதான். இன்று என் மருமகள் கேட்கிற பாட்டுக்கும் ஏறத்தாழ அதே வயதுதான் ஆகிறது. ஐந்து வயதுப் பாட்டு அன்று வழக்கமாகவும் இன்று மீறலாகவும் எப்படி ஆகும் என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

அதோடு விட்டிருந்தால் நான் இங்கே எழுத வந்திருக்க மாட்டேன். யோசிக்க யோசிக்க வேறொன்று உறுத்துகிறது. பாசமலர் படத்தின் முடிவு நம் எல்லோருக்கும் தெரியும். அண்ணனும் தங்கையும் இறந்துபோகிறார்கள். அந்தத் தங்கையின் கல்யாணப் பாட்டைத்தான் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நம் பெண்களுக்குப் போட்டு வாழ்த்துகிறோம். சம்பந்தி வீட்டில் மருமகளை வரவேற்கப் போடும் "மணமகளே மருமகளே வா வா" பாட்டும் அப்படியே. 1962-இல் வந்த சாரதா படத்தில் அது இடம்பெற்றது. கணவனே மனைவிக்கு மறுமணம் செய்துவைக்க முற்படுகிற, கண்ணீரில் முடிகிற கதை அது. தும்மினால் சகுனம் பார்க்கிற நம்மவர்கள், விளக்கு அணைந்தால் பதறுகிறவர்கள், இதை மட்டும் எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள்?

ஆகவே என் கேள்வி இதுதான். திரைப்படப் பாட்டு நம் ஊர்க் கல்யாணத்தில் சடங்குப் பாட்டாக மாறியது எவ்வாறு? சில பாட்டுகள் மட்டும் அந்தத் தகுதியைப் பெற்றதற்கு ஏதேனும் காரணம் உண்டா, அல்லது பழையது என்பதால் மட்டும் மதிக்கிறோமா? ஆயாவிடம் வாதாடி வெல்வது என் நோக்கமல்ல. தாய்மாமன் என்பதால் இருவரையும் சமாதானப்படுத்த வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

பாகூர் குழாய் ரேடியோ (பதில்)

தாய்மாமன் ஐயாவுக்கு வணக்கம். பாகூர்ப் பக்கத்தில் என் தந்தையாரும் அவருக்குப் பிறகு நானுமாக ஐம்பது ஆண்டுகள் மைக் செட் வாடகைக்கு விட்டோம். எங்கள் பக்கத்து மக்கள் அதைக் குழாய் ரேடியோ என்றே சொல்வார்கள். உங்கள் கேள்விக்குப் பதில் கதையிலோ கவிதையிலோ இல்லை, அந்தக் குழாயில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்தக் காலத்தில் கல்யாண வீட்டில் குழாய் கட்டுவது பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக அல்ல. வீட்டை ஒட்டிய தென்னை மரத்திலோ பனை மரத்திலோ ஏறி, உச்சியில் இரண்டு குழாய்களை எதிரெதிர்த் திசையில் கட்டுவோம். ஒன்று ஊரைப் பார்க்கும், மற்றொன்று வயலுக்கு அப்பால் உள்ள அடுத்த ஊரைப் பார்க்கும். பத்திரிகை போய்ச் சேராத வீட்டுக்கும் "இங்கே கல்யாணம்" என்ற செய்தி அதன் வழியாகவே போனது. நடவு வயலில் நிற்கிற பெண்கள் தலையை நிமிர்த்தி, இது இன்னார் வீட்டுக் கல்யாணம் என்று சொல்ல வேண்டும். இப்படி ஒரு மைல் தூரம் காற்றில் போகிற பாட்டில் முழுப் பாட்டு எங்கே கேட்கும்? முதல் வரி கேட்கும், அதுவும் காற்று வீசுகிற பக்கத்தைப் பொறுத்து. எனவே முதல் வரியிலேயே மணப்பந்தல், மணமகள், மருமகள் என்று ஏதாவது ஒரு சொல் இருந்தாக வேண்டும். படத்தின் கதை என்ன, மூன்றாவது சரணம் என்ன சொல்கிறது என்பதெல்லாம் குழாய்க்குக் கீழே நிற்கிற எங்களுக்கு மட்டும்தான் தெரியும். நாங்களும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூம்புக் குழாயில் கனமான, ஆழமான ஒலி வராது. மத்தளமும் தாளமும் சப்பென்று போய்விடும். மனிதக் குரல்தான் தெளிவாக வரும், அதிலும் பெண்குரலும் கூட்டமாகப் பாடுகிற குரலும் மிகத் தெளிவாக வரும். எல்.ஆர்.ஈஸ்வரி அம்மையாரின் குரல் குழாய்க்கென்றே பிறந்த குரல் என்று என் தந்தையார் சொல்வார். 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் ஓடும். அந்த மூன்று நிமிடத்துக்குள் ஊருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கிற பாட்டுதான் எங்களுக்கு வேண்டும். வாராயென் தோழி தட்டை மட்டும் நாங்கள் மூன்று முறை விலைக்கு வாங்கினோம். முள் ஓடி ஓடித் தேய்ந்து, ஒரு கட்டத்தில் தோழியை அழைக்கிற இடத்திலேயே நின்று, வாராய் வாராய் என்று திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்கிவிடும். பந்தலே சிரிக்கும்.

வரிசை முறை ஒன்று இருந்தது. விடியலில் பிள்ளையார் பாட்டு. வெயில் ஏறும்வரை பக்திப் பாட்டு. பெண் அழைப்பின்போதும் மாப்பிள்ளை அழைப்பின்போதும் மேலே சொன்ன பாட்டுகள். சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது காதல் பாட்டுகளைப் போட இளைஞர்கள் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். எந்த வீட்டுத் திண்ணைக்கு எந்தப் பாட்டு போகிறது என்பதை ஊரே கவனிக்கும் என்பதால் நாங்கள் பார்த்துத்தான் போடுவோம். மாலையில் திருவிளையாடல் போன்ற படங்களின் வசனத் தட்டு. இத்தனைக்கும் நடுவே மீறக் கூடாத சட்டம் ஒன்று உண்டு. பந்தலில் பெரியவர் ஒருவர் துண்டை வீசிக் காட்டியதும் முள்ளைத் தூக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு மேளம் மட்டும்தான். தாலி ஏறும்போது குழாயில் பாட்டு ஓடினால் எங்களுக்கு வாடகை கிடையாது, அடுத்த கல்யாணமும் கிடையாது.

1980-களில் கேசட் வந்ததும் வரிசை குலையத் தொடங்கியது. கல்யாண வீட்டாரே 90 நிமிடக் கேசட்டில் தங்களுக்குப் பிடித்த பாட்டுகளைப் பதிவு செய்து எடுத்துவந்து, "இதைப் போட்டுவிட்டு நீ போய்ச் சாப்பிடு" என்றார்கள். பிறகு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வந்தன. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதியில் பகல் வேளையில் 55 டெசிபல் என்ற வரம்பு. மரத்து உச்சியில் குழாய் கட்ட அனுமதி கிடைப்பது அரிதாகிவிட்டது. நியாயமான விதிதான், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளின் சாபம் எங்களுக்குப் போதும் போதும் என்று ஆகியிருந்தது. குழாய் இறங்கியது, மண்டபத்துக்குள் பெட்டி ஏறியது. பெட்டியில் ஆழ்ந்த ஒலி இடிபோல் வரும், ஆட்டத்துக்கு அதுதான் தேவை. ஆனால் அது உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிற ஒலி. உங்கள் மருமகள் பாட்டைத்தான் மாற்றுகிறாள் என்று நினைக்கிறீர்கள். அந்த ஒலி யாருக்காக என்பது மாறி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

நெல்லிக்குப்பம் டீச்சர் (பதில்)

குழாய் ரேடியோ ஐயா எழுதியதை ஒரே மூச்சில் படித்தேன். ஆனால் ஒரு பக்கத்தை அவர் விட்டுவிட்டார். அந்தக் குழாய் மரத்தில் ஏறுவதற்கு முன்பு கல்யாண வீட்டில் அமைதியாகவா இருந்தார்கள்?

என் தாயாரும் அவர் வயதுப் பெண்களும் நலங்கு வைக்கும்போது பாடுவார்கள். மணையில் பெண்ணை உட்காரவைத்துச் சந்தனமும் மஞ்சளும் பூசும்போது ஒருத்தி தொடங்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பெண்ணின் பெயரும் மாப்பிள்ளையின் பெயரும் அவர்களுடைய ஊர்களும் பாட்டுக்குள் வந்துவிடும். சம்பந்தி வீட்டாரைக் கிண்டல் செய்கிற ஏசல் பாட்டு என்றால் கேட்கவே வேண்டாம். கொண்டுவந்த வரிசையில் இரண்டு வாழைப்பழம் குறைந்திருந்தால் அது அப்போதே பாட்டாகி, அந்தப் பக்கத்திலிருந்து அதற்குப் பதில் பாட்டும் வரும். கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. மைக் செட் வந்த பிறகு இந்தக் குரல்களுக்கு என்ன ஆயிற்று என்பதை நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் சித்தியின் கல்யாணத்தில் யாரோ நல்லெண்ணத்தோடு மைக்கை எடுத்துவந்து என் தாயாரின் வாய்க்கு நேரே பிடித்தார்கள். அடுத்த ஊர்வரை தன் குரல் கேட்கும் என்று அறிந்ததும் அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. தலையில் முந்தானையை இழுத்துக்கொண்டு, "தட்டையே போடச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு விசேஷங்களில் அவர் பாடி நான் கேட்டதில்லை. சாவு வீட்டிலும் இதே கதைதான். ஒப்பாரி வைக்கத் தெரிந்த கிழவிகள் இருக்கும்போதே "வீடு வரை உறவு" ஒலிக்கத் தொடங்கிவிட்டது.

ஆனால் தாய்மாமன் ஐயா, உங்கள் ஆயாவைப் பார்த்து நீங்கள் சிரித்தது முழுக்கச் சரியல்ல. வாராயென் தோழி யார் யாரிடம் பாடுவதாக அமைந்திருக்கிறது என்று பாருங்கள். தோழிகள் கூடி மணப்பெண்ணை அழைக்கிறார்கள், கேலி செய்கிறார்கள், நாணத்தை விடச் சொல்கிறார்கள். அது நலங்குப் பாட்டின் வேலையேதான். எங்கள் தாய்மார்களின் பாட்டை வாயடைத்த அதே சினிமா, அந்தப் பாட்டு செய்துவந்த வேலையை வேறொரு குரலில் தொடர்ந்து செய்தது. உங்கள் ஆயா "வழக்கம்" என்று சொல்வது பாட்டின் வயதை அல்ல, அந்த வேலையைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மணமகளே மருமகளே பாட்டும் அவ்வாறே. புகுந்த வீட்டார் வாசலில் நின்று சொல்ல வேண்டிய சொல்லை அது சொல்லிவிடுகிறது. அந்த வேலை நடக்கிறதா என்பதுதான் கேள்வி. படத்தின் முடிவில் யார் செத்தார்கள் என்பது பந்தலுக்குள் வருவதில்லை.

ஆகவே உங்கள் மருமகளிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள். அவள் தேர்ந்தெடுத்த பாட்டில் யார் யாரைப் பார்த்து என்ன சொல்கிறார்கள்? ஆறு தோழிகள் ஒருத்தியை அழைத்துவருவது என்பது பழைய நலங்கின் அமைப்பு. ஆட்டம் சேர்ந்திருப்பதால் மட்டும் அது கெட்டுவிடாது. ஆனால் பாட்டு, காதலில் தோற்ற ஒருவன் மது அருந்திவிட்டுப் புலம்புவதாக இருந்தால், மெட்டு எவ்வளவு துள்ளினாலும் எனக்கு ஒப்பாது. அண்மையில் பண்ருட்டியில் ஒரு வரவேற்பில் பெண்ணும் மாப்பிள்ளையும் கைகோத்து மேடையேறியபோது ஒலித்த பாட்டு, "நீ என்னைவிட்டுப் போய்விட்டாய்" என்ற பொருள்பட அமைந்திருந்தது. நான் ஒருத்திதான் முகம் சுளித்தேன் போலும், மற்றவர்கள் கைதட்டினார்கள்.

ஓரமாக நிற்பவன் (பதில்)

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். பாட்டைத் தேர்ந்தெடுப்பவர் பெண்ணும் அல்ல, ஆயாவும் அல்ல, வீடியோ எடுப்பவர். என் தங்கையின் திருமணத்தில் அவர் சொன்ன பாட்டுக்கு, அவர் சொன்ன வேகத்தில், மூன்று முறை வாசலிலிருந்து நடக்கவைத்தார். கடைசியில் அந்தக் காணொளியை இணையத்தில் ஏற்றியபோது பதிப்புரிமைச் சிக்கலால் ஒலி முழுவதும் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஓசையில்லாமல் ஆடுகிறார்கள்.

நெல்லித்தோப்பு வாசி (பதில்)

மாப்பிள்ளை வீட்டார் முத்தியால்பேட்டை என்று படித்ததால் எழுதுகிறேன். பெண் வாசலிலிருந்து மேடைவரை இசையோடு நடந்துவருவது சினிமாவைப் பார்த்து வந்த பழக்கம் என்று எல்லோரும் எண்ணுவதாகத் தெரிகிறது. கடலூர்ப் பக்கத்தில் அப்படி இருக்கலாம். புதுச்சேரியில் அது எங்கள் தெருக்களில் என்றும் கண்ட காட்சி. எங்கள் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம்; என் தாயார், அத்தை, தமக்கை எல்லோருக்கும் சம்பா கோயில் என்கிற தேவாலயத்தில்தான் திருமணம். தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து பீடம்வரை பெண் நடந்துவருவாள், பாடகர் குழு பாடும், சபையே எழுந்து நிற்கும். பக்கத்துத் தெரு இந்துக் குடும்பத்தாரும் இந்தத் திருமணங்களுக்கு வந்து பின்வரிசைகளில் அமர்ந்து பார்த்தவர்கள்தாம். எனவே உங்கள் சம்பந்தி வீட்டார் "எங்கள் பக்கம்" என்று சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கலாம்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கோயிலுக்குள் திரைப்படப் பாட்டுக்கு இடம் கிடையாது. வழிபாட்டுப் பாடல் மட்டுமே. பிறகு மண்டபத்துக்கு வந்ததும் எங்கள் வீட்டு இளைஞர்களும் மற்றவர்களைப் போலவே ஆடுவார்கள். எதை எங்கே வைப்பது என்ற பிரிவினை இருப்பதால் எங்கள் வீட்டுப் பாட்டிமார்களுக்குச் சண்டை போட வாய்ப்பு குறைவு. உங்களுக்கும் முகூர்த்தம் கோயிலில், வரவேற்பு மண்டபத்தில் என்றிருக்கும்போது அந்தப் பிரிவினை தானாகவே அமைந்திருக்கிறதே.

கெடிலக்கரை தாய்மாமன்

அனைவருக்கும் நன்றி. டீச்சர் அம்மா கேட்டதை என் மருமகளிடம் அப்படியே கேட்டேன். பாட்டின் பொருளை அவள் யோசித்ததில்லையாம். "மாமா, தாளம் நன்றாக இருக்கிறது" என்றாள். பிறகு கைப்பேசியில் வரிகளை எடுத்து வாசித்துப் பார்த்தவள், இரண்டாவது சரணத்தில் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். ஒத்திகை இப்போது வேறு பாட்டுக்கு நடக்கிறது. ஆயா இன்னும் இறங்கிவரவில்லை.

சீவாளி (பதில்)

இத்தனை பேர் இவ்வளவு எழுதியும் மேளத்தைப் பற்றிக் குழாய் ரேடியோ ஐயா ஒருவர்தான் ஒரு வரி எழுதியிருக்கிறார். நான் சிதம்பரம் பக்கத்தில் நாகசுரம் வாசிக்கிற குடும்பத்தைச் சேர்ந்தவன்; எனவே எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

சினிமாவோடு எங்களுக்குப் பகை இல்லை. 1962-இல் கொஞ்சும் சலங்கை படத்தில் காருகுறிச்சி அருணாசலம் அவர்கள் நாகசுரம் வாசிக்க, எஸ்.ஜானகி அம்மையார் பாடிய "சிங்கார வேலனே தேவா" வந்த பிறகு, கல்யாண வீட்டில் அதைக் கேட்காத ஆளில்லை. ஆபேரி ராகத்தை விரிவாக வாசித்துக் கீர்த்தனைக்குப் போகலாம் என்று என் பாட்டனார் தொடங்குவாராம். இரண்டு பிடி வாசித்ததுமே முன்வரிசையில் ஒருவர் எழுந்து, "அப்படியே அந்தப் பாட்டுக்கு வந்துவிடுங்கள்" என்பாராம். 1968-இல் தில்லானா மோகனாம்பாள் வந்து, மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு ஊரெங்கும் பரவியதும், நலந்தானா வாசிக்காமல் மேடையை விட்டு இறங்க முடியாத நிலை வந்தது. அதனால் எங்களுக்கு மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. படம் எங்கள் வாத்தியத்தை எடுத்துக்கொண்டது, நாங்கள் படத்தின் மெட்டை எடுத்துக்கொண்டோம்; கணக்கு நேராயிற்று.

வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. துண்டை வீசியதும் முள்ளைத் தூக்குகிற அந்த வழக்கம் போய்விட்டது. வரவேற்பு ஏழு மணிக்கு என்றால் எங்களை ஆறரைக்கு உட்காரவைப்பார்கள். பத்து நிமிடம் வாசிப்பதற்குள் எதிர்ப்பக்கத்தில் மெல்லிசைக் குழுவினர் ஹலோ ஹலோ, ஒன்று இரண்டு மூன்று என்று மைக்கைச் சோதிப்பார்கள். அந்த எண்ணிக்கைக்கு நடுவே கல்யாணி ராகம் வாசித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். முகூர்த்தத்தில் மட்டும் இன்னும் எங்களை யாரும் அசைக்க முடியவில்லை. தாலி ஏறுகிற நொடியில் தும்மலோ, அழுகையோ, ஆகாத சொல்லோ காதில் விழக் கூடாது என்பதற்காகத்தான் கெட்டிமேளம். தவிலும் நாகசுரமும் சேர்ந்து மற்ற எல்லா ஓசையையும் மூடிவிட வேண்டும். அந்த வேலையைப் பெட்டிக்குள் இருக்கிற பாட்டால் செய்ய முடியாது, ஏனென்றால் புரோகிதரின் கை எப்போது உயரும் என்று பெட்டிக்குத் தெரியாது. திருவந்திபுரத்தில் நல்ல முகூர்த்த நாளில் வந்து பாருங்கள். ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து மேளங்கள் பக்கத்துப் பக்கத்தில் முழங்கும். ஒருமுறை நாங்கள் அடித்த கெட்டிமேளத்துக்குப் பக்கத்துக் கல்யாணத்து மாப்பிள்ளை அவசரப்பட்டுத் தாலி கட்டிவிட்டார். அவர்களுடைய மேளக்காரர் எங்களை முறைத்தபடியே வாசித்து முடித்தார்.

தாய்மாமன் ஐயாவுக்கு ஒரு யோசனை. பெண் வருவதற்கு முன்பு மேளத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள், அந்த நேரத்தில் வேறு மைக் எதுவும் உயிரோடு இருக்கக் கூடாது. ஆயா கேட்கிற வாராயென் தோழியை நாகசுரத்தில் வாசிக்கச் சொல்லுங்கள், அழகாக அமையும். மாப்பிள்ளை புதுச்சேரிக்காரர் என்பதால் "துன்பம் நேர்கையில்" பாட்டையும் கேளுங்கள். புதுவைப் பாவேந்தர் எழுதியது, தண்டபாணி தேசிகர் தேஷ் ராகத்தில் மெட்டமைத்தது. அதுவும் 1951-இல் ஓர் இரவு படத்தில் வந்த பிறகுதான் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது என்பதை ஆயாவிடம் சொல்ல வேண்டாம்.

கெடிலக்கரை தாய்மாமன்

சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேற்று மாலை எல்லாப் பதில்களையும் ஆயாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். டீச்சர் அம்மாவின் தாயார் முந்தானையை இழுத்துக்கொண்டு ஒதுங்கிய இடம் வந்ததும், நிறுத்து என்றார். பிறகு அவரே சொன்னார். 1966-இல் தன்னுடைய கல்யாணத்தில் நலங்கு நடக்கும்போது குழாய் அலறியதாம். பாட முடியாமல் போன கோபத்தில் அவருடைய தாயார் வெளியே போய் மைக் செட்காரரோடு சண்டை பிடித்து, "உன் சினிமாவை நிறுத்துகிறாயா, ஒயரைப் பிடுங்கட்டுமா" என்று கேட்டாராம். நடுவில் மாட்டிக்கொண்டு இரு பக்கமும் சமாதானம் பேசியவர் ஆயாவின் தாய்மாமன். அன்று ஓடிக்கொண்டிருந்த பாட்டு எது என்று நான் கேட்கவில்லை. ஆயாவும் சொல்லவில்லை. ஆனால் என் மருமகள் கேட்டுவிட்டாள், இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

முடிவு இப்படி ஆகியிருக்கிறது. ஆறு மணி முதல் ஆறரைவரை மேளம். மெல்லிசைக் குழுவினரிடம் அதுவரை கம்பியையே தொடக் கூடாது என்று எழுதி வாங்கப் போகிறேன். வாராயென் தோழி நாகசுரத்தில். அது முடிந்ததும் தோழிகளுடன் ஆட்டம், வரிகளைச் சரிபார்த்த புதிய பாட்டுக்கு. மறுநாள் திருவந்திபுரத்தில் மேளம் தவிர வேறொன்றும் கிடையாது. நலங்கின்போது பாட ஆயாவுக்கு ஒரு பாட்டின் முதல் இரண்டு அடிகள் மட்டும் நினைவுக்கு வந்திருக்கின்றன. மீதியை நெல்லிக்குப்பத்தில் உள்ள தன் சின்னம்மாவிடம் கேட்டு வரச் சொல்லி என்னை அனுப்புகிறார். அவருக்குத் தொண்ணூறு வயதுக்கு மேல் ஆகிறது. காது கேட்காது, பாட்டு நினைவிருக்கிறதாம்.

பாசமலர் படத்தின் முடிவு தெரிந்துமா அந்தப் பாட்டைக் கேட்டீர்கள் என்றும் கடைசியாக விசாரித்தேன். திருப்பாதிரிப்புலியூர்க் கொட்டகையில் அந்தப் படத்தை மூன்று முறை பார்த்தவராம். "கல்யாணம் முடிந்து கொஞ்ச நேரம் இருப்பேன், அப்புறம் எழுந்து வந்துவிடுவேன்" என்றார்.